பரீட்சை எழுத 500 மைல் போன ஒரு பாடசாலை ஆசிரியர்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

போன தவணை பத்தாம் தரத்தில் வணிகக் கல்வியும் கணக்கீடும் பாடம் முடிந்து, கரும்பலகையில் இருந்த ஐந்தொகையை அழித்துக் கொண்டிருந்தோம். பின்வரிசையில் இருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், எக்கவுண்டன்ட் ஆகிறதுக்கு கெம்பஸ் போகணுமா?"

நம் நாட்டுக் கணக்குப்படி பதில் சுலபம். தேவையில்லை. 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான பட்டயக் கணக்காளர் நிறுவனம் பட்டத்தைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. அதன் பரீட்சைகளில் சித்தியடைய வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட ஒரு இடத்தில் பயிற்சி பெற வேண்டும், அவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்த பிறகும் மனம் அந்தக் கேள்வியை விடவில்லை. பரீட்சை பிள்ளையின் கையில் இருக்கிறது. பயிற்சி யார் கையில் இருக்கிறது?

இதே கேள்வியோடு ஒரு நாடு நூறு வருடத்துக்கு மேலாக மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறது. ஐக்கிய அமெரிக்காவில் உரிமம் பெற்ற கணக்காளர் ஆவதற்கு என்ன தகுதி வேண்டும் என்ற விதியை இப்போது மாநிலம் மாநிலமாகத் திருத்தி எழுதுகிறார்கள். செய்தியாகப் பார்த்தால் நமக்குச் சம்பந்தமில்லாத அலுவல். வரலாறாகப் பார்த்தால் அப்படி இல்லை என்று நமக்குப் படுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் ஆரம்பம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பிரித்தானியாவின் பணம் அமெரிக்காவுக்குள் வெள்ளமாகப் போனது. ரயில் பாதை, மதுபான ஆலை, மாட்டுப் பண்ணை என்று லண்டன்காரர்கள் கண்ணால் காணாத இடங்களில் எல்லாம் முதலிட்டார்கள். போட்ட பணம் என்ன ஆனது என்று பார்க்கக் கூடவே கணக்காய்வாளர்களையும் கப்பலேற்றினார்கள். ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் 1854இலேயே கணக்காளர் சங்கத்துக்கு அரச பட்டயம் கிடைத்திருந்தது. இங்கிலாந்தில் 1880இல் கிடைத்தது. "பட்டயக் கணக்காளர்" என்ற பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக் கொண்டு வந்த இந்த மனிதர்களுக்கு முன்னால் உள்ளூர்க் கணக்காளர்கள் வெறும் கணக்கப்பிள்ளைகளாக நின்றார்கள். தங்களுக்கும் ஒரு பெயர் வேண்டும் என்று அவர்கள் நினைத்ததில் பிழையில்லை.

அப்படித்தான் 1896 ஏப்ரலில் நியூயோர்க் மாநிலம் முதலாவது சட்டத்தைக் கொண்டு வந்தது. "சான்றிதழ் பெற்ற பொதுக் கணக்காளர்", சுருக்கமாக சி.பி.ஏ. என்ற பெயர் அதில்தான் பிறந்தது. 21 வயதுக்கு மேற்பட்டவராக, நன்னடத்தை உள்ளவராக, அமெரிக்கப் பிரஜையாக அல்லது பிரஜையாகும் எண்ணத்தை அறிவித்தவராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. அந்தப் பிரஜை நிபந்தனை லண்டனில் இருந்து வந்து போகிறவர்களை நோக்கி எறிந்த கல் என்பது வாசிக்கும்போதே விளங்கும். அதே ஆண்டு டிசம்பரில் முதல் பரீட்சை நடந்தது. ஆனால் ஏற்கனவே தொழில் செய்து கொண்டிருந்தவர்களுக்குப் பரீட்சையில் இருந்து விலக்கு! முதலாம் இலக்கச் சான்றிதழ் ஃபிராங்க் புரோக்கர் என்பவருக்குக் கிடைத்தது. சான்றிதழ்களை அகரவரிசைப்படி கொடுத்ததால் வந்த அதிர்ஷ்டம் அது. ஒரு வாசலைக் கட்டுகிறவர்கள் தாங்கள் உள்ளே நின்று கொண்டுதான் கட்டுவார்கள். நம் ஊர்ச் சங்கங்களின் யாப்புகளை எடுத்துப் பார்த்தாலும் இதுதான்.

வாசல் வைத்த இரண்டாம் வருடமே தட்டிப் பார்த்தவர் ஒரு பெண். கிறிஸ்டின் ரொஸ் 1898இல் நியூயோர்க் பரீட்சையை எழுதிச் சித்தியடைந்தார். சட்டத்தில் பெண்கள் கூடாது என்று ஒரு எழுத்தும் இல்லை. ஆனாலும் கொடுக்கலாமா கூடாதா என்று இழுத்தடித்து, 1899 டிசம்பர் கடைசியில்தான் சான்றிதழைக் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் மேரி ஹரிஸ் சிமித் என்பவருடைய கதை இதைவிடக் கசப்பு. 1891இல் விண்ணப்பித்தார், பெண் என்று மறுத்தார்கள். 1919இல் பாராளுமன்றம் பாலின அடிப்படையிலான தடையை நீக்கிய பிறகு, 1920இல்தான் உலகின் முதலாவது பெண் பட்டயக் கணக்காளர் ஆனார். விண்ணப்பம் போட்டபோது நடுத்தர வயது. பதில் வந்தபோது எழுபதுக்கு மேல்.

இவ்வளவும் முகவுரைதான். நாம் சொல்ல வந்தது இன்னொருவருடைய கதை.

நியூயோர்க்கைப் பார்த்து மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாகச் சட்டம் போட்டன. 1917இல் கணக்காளர் சங்கம் ஒரு பொதுவான பரீட்சையைத் தயாரித்து மாநிலங்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. கூடவே பெரும்பாலான இடங்களில் இன்னொரு நிபந்தனை ஒட்டிக் கொண்டது: ஏற்கனவே உரிமம் பெற்ற ஒரு கணக்காளரின் அலுவலகத்தில் குறிப்பிட்ட காலம் வேலை செய்திருக்க வேண்டும்.

நியாயமான நிபந்தனைதான் என்று யாருக்கும் தோன்றும். நமக்கும் தோன்றுகிறது. கணக்காய்வு புத்தகத்தில் படித்து வருகிற வேலை அல்ல. களஞ்சியத்தில் போய் நின்று மூட்டையை எண்ண வேண்டும். பற்றுச்சீட்டில் இருக்கிற திகதியும் பேரேட்டில் இருக்கிற திகதியும் ஏன் ஒத்துவரவில்லை என்று காசாளரின் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். இதை அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நின்றுதான் பழக்க முடியும். இதில் எல்லாம் பொய் இல்லை.

ஆனால் பரீட்சைத் தாள் எழுதுகிறவரின் தோலைப் பார்ப்பதில்லை. வேலை கொடுக்கிற முதலாளி பார்க்கிறார். அன்றைய அமெரிக்காவில் வெள்ளையரின் கணக்காய்வு நிறுவனங்கள் கறுப்பினத்தவரை வேலைக்கு எடுக்கவில்லை. "எங்களுக்கு ஆட்சேபனை இல்லை, வாடிக்கையாளர்கள் விரும்ப மாட்டார்கள்" என்பது அவர்கள் வழமையாகச் சொன்ன காரணம். கறுப்பின சி.பி.ஏ. ஒருவர்கூட இல்லாத நாட்டில் கறுப்பின இளைஞன் எந்த சி.பி.ஏ.யிடம் போய் அனுபவம் பெறுவான்? சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமலே வேலை முடிந்துவிட்டது.

இங்கேதான் ஜோன் டபிள்யூ. குரொம்வெல் ஜூனியர் வருகிறார். வொஷிங்டனில் பிறந்தவர். தகப்பன் அடிமையாகப் பிறந்து, விடுதலை பெற்று, ஆசிரியராகி, சட்டத்தரணியாகி, கறுப்பினத்தவரின் வரலாற்றை எழுதிய மனிதர். சகோதரி ஒட்டேலியா குரொம்வெல் சிமித் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண். பிறகு யேலில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். ஜூனியர் டார்ட்மத் கல்லூரியில் 1906இல் மிகச் சிறந்த பெறுபேறுகளோடு வெளியேறி, அடுத்த வருடம் முதுமாணியும் முடித்தார். இத்தனை தகுதியோடு வந்து என்ன செய்தார் தெரியுமா? வொஷிங்டனில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான உயர்நிலைப் பாடசாலையில் ஆசிரியரானார். பிற்காலத்தில் டன்பார் என்று பெயர் பெற்ற பாடசாலை அது. பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்காத பெரும் படிப்பாளிகள் எல்லாம் அந்தப் பாடசாலையில்தான் வகுப்பெடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளின் அதிர்ஷ்டத்தை நினைத்தால் பொறாமையாகவும் இருக்கிறது. அந்த ஆசிரியர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

குரொம்வெல்லுக்கு சி.பி.ஏ. ஆக வேண்டும். வொஷிங்டனைச் சுற்றி எங்கும் வழியில்லை. 1921இல் வடகிழக்கு மூலையில் உள்ள நியூ ஹம்ப்ஷயர் என்ற சிறிய மாநிலத்தின் விதியில் அனுபவ நிபந்தனை இல்லை என்பது தெரிய வருகிறது. சுமார் 500 மைல். போனார், பரீட்சை எழுதினார், சித்தியடைந்தார். அமெரிக்காவின் முதலாவது கறுப்பின சி.பி.ஏ. அவர்தான். டார்ட்மத்தில் இருந்து வெளியேறி 15 வருடங்கள் கழிந்திருந்தன. நியூயோர்க்கில் முதல் சான்றிதழ் கொடுத்து 25 வருடங்கள்.

ஒரு விடயத்தைக் கவனியுங்கள். அவர் ஒரு சலுகையும் கேட்கவில்லை. எல்லாருக்கும் உள்ள அதே தாளைத்தான் எழுதினார். அவர் தேடிப் போனது பரீட்சை மட்டுமே வாசலாக இருக்கிற ஒரு இடத்தை. திரும்பி வந்தும் பெரிய நிறுவனம் எதுவும் அவரைக் கூப்பிடவில்லை. ஆசிரியர் தொழிலை விடாமல், தன் சமூகத்தின் கடைகள், தேவாலயங்கள், சட்டத்தரணிகளின் கணக்குகளைப் பார்த்தார். 1930இல் ஹோவார்ட் பல்கலைக்கழகத்தின் நிதிக் கட்டுப்பாட்டாளராகப் பொறுப்பேற்றார்.

குரொம்வெல் தனிக்கதை என்று நினைக்க வேண்டாம். தியடோரா ரதர்ஃபோர்ட் என்ற பெண் 1920களின் நடுவில் நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கணக்கீட்டில் முதுமாணி முடித்தார். அவரை வேலைக்கு எடுக்க அந்தப் பெருநகரத்தில் ஒரு அலுவலகம் இல்லை. மேற்கு வர்ஜினியாவுக்குப் போய்க் கல்லூரியில் படிப்பித்தார். அவர் சி.பி.ஏ. ஆனது 1960இல். இடையில் 36 வருடங்கள். அவருடைய மாணவர்கள் எத்தனையோ பேர் கணக்கீடு படித்து வெளியேறிப் போயிருப்பார்கள், படிப்பித்தவர் இன்னும் வாசலில்.

சிகாகோவில் மட்டும் கதை வேறு மாதிரிப் போனது. அதற்குக் காரணம் ஒரு பெண்ணும் ஒரு நிலவறையும். மேரி வொஷிங்டன் மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பர்க்கில் பிறந்தவர். சிகாகோவில் கறுப்பினத்தவர் நடத்திய பிங்கா வங்கியில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே இருந்த ஆர்தர் வில்சன், நாட்டின் இரண்டாவது கறுப்பின சி.பி.ஏ. அவரிடம் தொழில் பழகினார். 1939இல், நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தில் படித்துக் கொண்டே, தன் வீட்டு நிலவறையில் சொந்தமாக அலுவலகம் தொடங்கினார். 1943இல் நாட்டின் முதலாவது கறுப்பினப் பெண் சி.பி.ஏ. ஆனார். அத்தோடு நின்றிருந்தால் அவர் ஒரு "முதலாவது" மட்டும்தான். வெள்ளை நிறுவனங்கள் மறுத்த இளைஞர்களுக்குத் தன் அலுவலகத்தில் இடம் கொடுத்தார். அங்கே வேலை செய்தால் அது சட்டப்படி செல்லுபடியாகும் அனுபவம், ஏனென்றால் கையெழுத்துப் போடுகிறவர் உரிமம் உள்ளவர். நாட்டின் மற்றப் பகுதிகளில் இருந்தெல்லாம் ஆட்கள் சிகாகோவுக்கு இடம்பெயர்ந்து வந்து அவரிடம் பயிற்சி பெற்றுப் போனார்கள்.

அனுபவ நிபந்தனை என்பது ஒரு பூட்டு. திறப்பை வெளியில் இருந்து செய்ய முடியாது. உள்ளே போன ஒருவர் திரும்பி வந்து திறந்துவிட வேண்டும்.

இந்த வரலாற்றை எல்லாம் தோண்டி எடுத்துத் தொகுத்தவர் தெரேசா ஹேமண்ட் என்ற கணக்கீட்டுப் பேராசிரியர். 2002இல் வந்த அவருடைய நூலின் தலைப்பைத் தமிழில் சொன்னால் "வெள்ளைக் கொலர்த் தொழில்" என்று வரும். தலைப்பிலேயே இரட்டை அர்த்தம். 1960களின் கடைசியில் நாட்டில் இருந்த ஏறத்தாழ ஒரு இலட்சம் சி.பி.ஏ.க்களில் கறுப்பினத்தவர் 150 பேர் அளவில்தான். 1964இன் சிவில் உரிமைச் சட்டத்துக்குப் பிறகுதான் பெரிய நிறுவனங்களின் கதவு மெல்ல அசைந்தது. 1969 டிசம்பரில் ஒன்பது பேர் நியூயோர்க்கில் கூடிக் கறுப்பினக் கணக்காளர்களுக்கான தேசிய சங்கத்தைத் தொடங்கினார்கள்.

இனி அடுத்த அத்தியாயம். இதில் வாசல் இடம் மாறுகிறது.

1929இல் பங்குச் சந்தை சரிந்த பிறகு, பொதுமக்களிடம் பங்கு விற்கிற கம்பனிகளின் கணக்கைச் சுதந்திரமான ஒருவர் பரிசோதிக்க வேண்டும் என்று 1933, 1934ஆம் ஆண்டுச் சட்டங்கள் வந்தன. அந்த விசாரணையில் கணக்காளர்கள் சார்பில் போன கேர்ணல் கார்ட்டரிடம், "சரி, உங்களை யார் கணக்காய்வு செய்வது?" என்று செனட்டர் ஒருவர் கேட்டார். எங்கள் மனச்சாட்சி என்று பதில் சொன்னார் கார்ட்டர். அதை நம்பித்தான் ஒரு நாடு தன் சேமிப்பை அவர்கள் கையெழுத்தின் கீழ் வைத்தது. உரிமம் திடீரென்று பொன்னானது. பொன்னானதும் அதற்கு மெருகு வேண்டும் என்ற ஆசையும் வந்தது. 1938இல் இருந்து நியூயோர்க் பட்டப்படிப்பைக் கேட்கத் தொடங்கியது. வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் பட்டத்துக்கு மேலும் படிக்கிறார்கள், நாம் மட்டும் ஏன் நான்கு வருடத்தோடு நிற்க வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகு பல தசாப்தங்கள் ஓடியது. வரிச் சட்டம் பெருத்தது, கணக்கீட்டு நியமங்கள் பெருத்தன, எனவே படிப்பும் பெருக்க வேண்டும் என்பது வாதம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சாதாரண இளமாணிப் பட்டத்துக்கு 120 கிரடிட் மணித்தியாலம். அதை 150 ஆக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. கிட்டத்தட்ட ஐந்தாவது வருடம். புளோரிடா 1983இல் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. 1988இல் அமெரிக்க சி.பி.ஏ. நிறுவனத்தின் அங்கத்தவர்கள் வாக்களித்து, 2000இல் இருந்து புதிதாகச் சேர்கிறவர்களுக்கு 150 கட்டாயம் என்று தீர்மானித்தார்கள். வாக்களித்த யாருக்கும் அந்த விதி பொருந்தாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1896இன் விலக்கு ஞாபகம் வருகிறதா? மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து, 2015 அளவில் நாடு முழுவதும் 150 ஆகிவிட்டது.

இதில் நமக்குச் சிரிப்பை வரவழைக்கிற ஒரு பகுதி உண்டு. பல மாநிலங்களில் அந்த மேலதிக 30 மணித்தியாலம் கணக்கீடாகவோ வரியாகவோ இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எந்தப் பாடமும் ஆகலாம். கணக்கீட்டு நியமங்கள் பெருத்துவிட்டன என்று சொல்லித் தொடங்கிய கதை, ஏதாவது ஒரு பாடத்தில் மணித்தியாலத்தை நிரப்பிக் கொண்டு வா என்று முடிந்தது. பிள்ளைகள் மலிவான உள்ளூர்க் கல்லூரிகளில் கிடைத்த பாடத்தைப் படித்து எண்ணிக்கையை நிரப்பினார்கள்.

நேர்மை கூடியதா? விதி பரவிக் கொண்டிருந்த காலத்திலேயே, 2001 டிசம்பரில், என்ரோன் கம்பனி விழுந்தது. அதன் கணக்காய்வாளரான ஆதர் அன்டர்சன் என்ற மாபெரும் நிறுவனம் அடுத்த வருடமே குலைந்தது. அங்கே குறைந்தது படிப்பு அல்ல. எத்தனை மணித்தியாலம் வகுப்பில் இருந்தாலும் கார்ட்டர் சொன்ன அந்தப் பொருளுக்குக் கிரடிட் கொடுக்க முடியாது.

மேலதிக வருடத்தின் விலையைக் கட்டியது யார் என்பதைப் பிறகு ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். விதி வந்த மாநிலங்களில் முதல் தடவை பரீட்சைக்கு வருகிறவர்கள் 15 வீதம் அளவில் குறைந்தார்கள், வந்தவர்களின் தரத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று ஒரு ஆய்வு சொன்னது. மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்தவர்களின் இன்னொரு ஆய்வு, சிறுபான்மை இனத்தவரின் நுழைவு 26 வீதம் குறைந்தது என்றது. மற்றவர்களின் வீழ்ச்சியோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஏன் என்று கேட்க ஆய்வாளர் தேவையில்லை. ஒரு வருடக் கட்டணமும், அந்த வருடம் உழைத்திருக்கக்கூடிய சம்பளமும் சேர்ந்த தொகை பணக்கார வீட்டுக்கு ஒரு சில்லறைச் செலவு. ஏழை வீட்டுக்கு அது தம்பியின் படிப்பு.

இருந்தும் விதி மாறியது ஏழைகளுக்காக அல்ல. உள்ளதைச் சொல்ல வேண்டும். மாறியது ஆள் பற்றாக்குறையால். 2019க்கும் 2021க்கும் இடையில் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட கணக்காளர்களும் கணக்காய்வாளர்களும் அந்த வேலைகளை விட்டுப் போனார்கள். 1988இல் வாக்களித்த தலைமுறை ஓய்வுக்குப் போகிறது, கணக்கீடு படிக்கிற பிள்ளைகள் குறைகிறார்கள். உள்ளே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தபோது வாசலில் ஆள் இல்லை. 2025 ஜனவரியில் ஒஹையோ மாநிலம் சட்டத்தை மாற்றி, 2026 ஜனவரி முதல் இன்னொரு வழியைத் திறந்தது. இளமாணிப் பட்டம், இரண்டு வருட அனுபவம், பரீட்சை. வர்ஜினியாவும் டெக்சாசும் இன்னும் பல மாநிலங்களும் அதே வருடம் பின்தொடர்ந்தன. 2025 மே மாதத்தில் தேசிய நிறுவனங்களே தங்கள் மாதிரிச் சட்டத்தில் இந்த வழியைச் சேர்த்துக் கொண்டன. பழைய 150 வழியும் இருக்கிறது, விரும்பியவர் போகலாம்.

இந்த இடத்தில்தான் வரலாறு நம்மைச் சற்று நிறுத்துகிறது. 30 மணித்தியாலத்துக்குப் பதிலாக என்ன வந்திருக்கிறது? மேலதிகமாக ஒரு வருட அனுபவம். குரொம்வெல்லை 500 மைல் ஓடவைத்த அதே அனுபவம். நூறு வருடத்துக்கு முன்னர் சுவராக நின்றது இப்போது வாசல் என்று வருகிறது. இடையில் சட்டங்கள் மாறிவிட்டன, நிறத்தைக் காரணம் காட்டி மறுப்பது அங்கே இன்று குற்றம், சம்பளத்தோடு பழகலாம் என்பது கடன் எடுத்துப் படிப்பதைவிட மேல். எல்லாம் சரி. நாமும் இந்த மாற்றத்தை நல்லது என்றே நினைக்கிறோம். ஆனால் அனுபவம் கொடுக்கிறவர் யாரைத் தெரிவு செய்கிறார் என்பதைப் பரீட்சைத் திணைக்களம் போல யாரும் மேற்பார்வை செய்வதில்லை.

நம் பக்கத்தில் இருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவு. நாம் பட்டதாரி அல்லர். கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் இருந்து, ஒரு வருடம் பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி செய்து வந்தவர்கள். ஆசிரியர் அறையில் "டிப்ளோமாக்காரர்" என்ற சொல் எந்தத் தொனியில் வரும் என்பது நம் தோழர்களுக்குத் தெரியும். அந்த ஒரு வருடத்தில் பின்வரிசைப் பிள்ளையைக் கவனிக்கப் பழகினோம். அதைக் கல்லூரியின் எந்த விரிவுரையும் தரவில்லை. ஆகவே செய்து பழகுவதன் பெறுமதியை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் ஒரு வித்தியாசம். நம் பயிற்சிப் பாடசாலையை நாம் தேடி அலையவில்லை, நியமனக் கடிதமே வந்தது. கணக்காளராக விரும்பும் பிள்ளைக்கு அப்படிக் கடிதம் வருவதில்லை.

நாம் படிப்பித்த ஒரு பிள்ளை இருக்கிறாள். பெயர் வேண்டாம். தகப்பனுக்குச் சின்னச் சில்லறைக் கடை. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் நல்ல பெறுபேறு, ஆனாலும் இஸட் புள்ளி கெம்பஸுக்குப் போதவில்லை. வீட்டில் இருந்தபடியே, ஒன்லைன் வகுப்பும் பழைய வினாத்தாள்களும் வைத்துக் கொண்டு, கணக்காளர் பரீட்சையின் முதல் கட்டத்தைத் தாண்டிவிட்டாள். இனிப் பயிற்சி இடம் வேண்டும். பெரும்பாலான இடங்கள் கொழும்பில். ஒரு நிறுவனத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். விடியற்காலை பஸ்ஸில் தகப்பனும் மகளும் போனார்கள். கணக்கீட்டில் இரண்டு கேள்வி கேட்டார்களாம். மிச்ச நேரம் எல்லாம் எங்கே தங்குவாய், வெளிமாவட்டத்தில் ஸ்டொக் எண்ணப் போக வீட்டில் விடுவார்களா, இந்த உடுப்போடுதான் வாடிக்கையாளரிடம் போவாயா என்பதுதான். பிறகு அறிவிக்கிறோம் என்றார்கள். அறிவிக்கவில்லை.

எல்லாப் பிழையையும் அந்த மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் தலையில் போடவும் நமக்கு மனமில்லை. வெளிமாவட்டத்துக்கு விடுவீர்களா என்ற கேள்விக்குத் தகப்பன் அந்த இடத்தில் தடுமாறினார் என்பதை அவளே சொன்னாள். நம் வீடுகளிலும் ஒரு வாசல் இருக்கிறது. பிள்ளை பரீட்சையில் சித்தியடைந்தால் ஊரெல்லாம் ஸ்டேட்டஸ் போடுகிறோம், தாள் எழுதி முடிந்து வேலை பழக வெளியே போக வேண்டும் என்றதும் குடும்பமே கூடிக் கதைக்கிறோம்.

அந்தப் பிள்ளைக்குக் குரொம்வெல் கதையை ஒரு நாள் சொன்னோம். நிறையக் கேட்டுவிட்டு, "சேர், அவருக்கு அனுபவம் கேட்காத ஒரு இடம் இருந்தது. இங்கே அப்படி இல்லையே" என்றாள். சரிதான். அவளுக்கு நியூ ஹம்ப்ஷயரைவிட மேரி வொஷிங்டனின் நிலவறைதான் தேவை. நம் ஊர்களில் இருந்து போய்ப் பட்டயக் கணக்காளர் ஆனவர்கள் இல்லாமல் இல்லை. கொழும்பிலும் கட்டாரிலும் டுபாயிலும் நல்ல நிலையில் இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஊருக்கு வந்தால் பாடசாலைப் பரிசளிப்பில் பேசுகிறார்கள், கஷ்டப்பட்டுப் படியுங்கள் என்கிறார்கள். பயிலுனர் எடுக்கிற ஒரு அலுவலகத்தைப் பக்கத்து நகரத்திலாவது திறந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

போன கிழமை அவள் மூன்றாவது விண்ணப்பம் போட்டிருக்கிறாள். இந்த முறை கண்டியில் ஒரு சின்ன அலுவலகம், உறவுக்காரர் வீட்டில் தங்கலாம் என்று தகப்பனே சொல்லியிருக்கிறார். நற்சான்றுக் கடிதத்தை நாம் எழுதிக் கொடுத்தோம். கிழக்கிலோ கண்டி, குருநாகல் பக்கமோ பயிலுனர் எடுக்கிற, அங்கீகாரம் உள்ள கணக்காய்வு அலுவலகம் யாருக்காவது தெரிந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். அவளைப் போல இன்னும் நான்கு பேர் காத்திருக்கிறார்கள்.